வாசகர் கேள்வி: கிரகரியின் வீடு எங்கே?

கேள்வி: நாங்கள் கிரகரி ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, "கிரகரி யாரம்மா? அவர் வீடு எங்கே?" என்று என் மகள் கேட்டாள். முன்பு கவர்னராக இருந்தவர் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
- ஒரு வாசகி, நுவரெலியா

பதில்: வீடு இப்போது இல்லை அம்மா. அது இருந்த இடத்துக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன்.

சர் வில்லியம் கிரகரி 1872 முதல் 1877 வரை இலங்கையில் கவர்னர். கொழும்பு நூதனசாலை (மியூசியம்) அவர் காலத்தில் வந்தது. அதன் முன்னால் நிற்கும் சிலையும் அவருடையதுதான். சொந்த ஊர் அயர்லாந்தின் மேற்கே, கால்வே பகுதியில், கார்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் உள்ள கூல். 1768இல் அந்த நிலத்தை வாங்கிய ராபர்ட் கிரகரி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர். பிற்பாடு அதற்கே தலைவரானவர். ஆக, கூல் மாளிகையின் அஸ்திவாரத்தில் இந்தியாவில் சம்பாதித்த காசு கிடந்தது.

நம் கவர்னர் 1880இல் அகஸ்டா என்ற பெண்ணை மணந்தார். அவருக்கு 63 வயது, அகஸ்டாவுக்கு 27. 1892இல் அவர் இறந்ததும், கடன் ஏறிக் கிடந்த எஸ்டேட்டை மகனுக்காகச் சிக்கனம் பிடித்து மீட்டவர் இந்த அம்மையார்தான். ஐரிஷ் மொழி கற்றார், கிராமத்தார் சொன்ன கதைகளைத் திரட்டினார், நாடகங்கள் எழுதினார். 1904இல் டப்ளினில் அபே தியேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர். கவிஞர் யேட்ஸ் கோடைக்குக் கோடை கூலில் வந்து தங்கி எழுதினார்.

எந்த மகனுக்காக எஸ்டேட்டைக் காப்பாற்றினாரோ, அவர் 1918 ஜனவரியில், உலகப்போரில், இத்தாலியில் விமானம் விழுந்து இறந்துபோனார். 1927இல் கூல் அரசுக்கு விற்கப்பட்டது. அம்மையார் அதே வீட்டுக்கு வாடகை கொடுத்துக் கடைசிவரை அங்கேயே இருந்து, 1932இல் இறந்தார். அந்த வருடமே சாமான்கள் ஏலம் போயின. அப்புறம் ஒன்பது வருடம் வீடு சும்மா கிடந்தது. 1941இல் கல்லுக்காக இடித்துவிட்டார்கள்.

நான் போனபோது மிச்சம் பார்த்தது புல் மூடிய ஒரு கல் மேடை. கொஞ்சம் தள்ளி, மதில் சூழ்ந்த தோட்டத்தில், செம்புநிற இலை கொண்ட ஒரு பீச் (beech) மரம், சுற்றிலும் கம்பி வேலியோடு நிற்கிறது. விருந்தாளிகளைத் தங்கள் பெயரின் முதலெழுத்துகளை அதில் செதுக்கச் சொல்வாராம் அம்மையார். யேட்ஸ், நாடகாசிரியர்கள் பெர்னார்ட் ஷா, சிஞ், ஓகேஸி எல்லாரும் செதுக்கியிருக்கிறார்கள். மரம் பருக்கப் பருக்க எழுத்துகளும் அகன்று, ஆறிய தழும்பு மாதிரி பட்டையில் புடைத்திருக்கின்றன. வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடி வாசித்தேன். ஷாவின் எழுத்து சட்டென்று கண்ணில் படுகிறது; மற்றவை தலையைச் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகின்றன.

கேள்வி: அயர்லாந்தில் போராட்டக் காலத்தில் பண்ணையார் மாளிகைகளை எரித்தார்களாமே? மக்களைப் பட்டினி போட்டவர்களின் வீடு போனதற்கு வருந்த என்ன இருக்கிறது?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: நியாயமான கேள்வி. மேலே சொன்ன வீட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

1920க்கும் 1923க்கும் நடுவில் 200க்கும் மேற்பட்ட மாளிகைகள் எரிந்தன. அகஸ்டா பிறந்த ராக்ஸ்பரோ வீடும் 1922இல் எரிந்தது. கூல் தப்பியது.

உங்கள் கோபத்துக்குக் காரணம் கூலிலும் உண்டு. உருளைக்கிழங்குப் பஞ்சம் உச்சத்தில் இருந்த 1847இல், அப்போது எம்.பி.யாக இருந்த இதே வில்லியம் கிரகரி ஏழைகள் நிவாரணச் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்க்க வைத்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விடு, நிலம் வேண்டுமானால் பட்டினி கிட. நிலத்தை விட்டவர்களின் குடிசைகளைப் பண்ணையார்கள் பிரித்துப் போட்டார்கள். இன்றும் அதற்குக் 'கிரகரி விதி' என்றுதான் பெயர். நூதனசாலை கட்டினார் என்பதற்காக இதை என்னால் மறக்க முடியவில்லை.

அப்படியும் அந்த வீடு நின்றிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். கால் ஏக்கர் விதியைக் கொண்டுவந்தவர் வாழ்ந்த வீடு அது. ஐரிஷ் நாடகம் வளர்ந்த வீடும் அதுதான். உள்ளே கூட்டிக்கொண்டு போய் இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கலாம். ஒருவன் கோபத்தில் கொளுத்தியிருந்தால் அந்தக் கோபமாவது எனக்குப் புரிந்திருக்கும். கூலைக் கோபம் அழிக்கவில்லை. சுதந்திரம் கிடைத்து 19 வருடம் ஆனபிறகு, யாருக்கும் வேண்டாம் என்று விட்டதில் போயிற்று. அறைகள் போய், மேட்டில் காஞ்சொறி முளைக்கும் நாள் வரும் என்று யேட்ஸ் 1929இலேயே, அம்மையார் உயிரோடு இருக்கும்போதே, எழுதிவிட்டார்.

நுவரெலியா அம்மாவுக்கு இன்னொன்று: கூலிலும் ஓர் ஏரி உண்டு என்று மகளிடம் சொல்லுங்கள். உங்கள் ஏரியை ஆள் வைத்துக் கட்டினார்கள். அங்கே அப்படி இல்லை. சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி மரங்களுக்குள்ளே வரை பரவும். கோடையில் பாறைப் பொந்துகள் வழியாக இறங்கி, பூமிக்குள்ளேயே ஓடி, கின்வாரா பக்கம் கடலில் சேரும். குளிர்காலத்தில் அன்னங்கள் இன்னமும் வருகின்றன.