அதிமதுரக் கஷாயமும் அம்மாவின் பிரஷரும்

வணக்கம் சகோதரி. வறட்டு இருமலுக்கு அம்மா இரண்டு மாதமாகத் தினமும் அதிமதுரக் கஷாயம் குடிக்கிறார், மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை, கால் வேறு வீங்குகிறது என்கிறீர்கள். கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். தொண்டைக்கட்டுக்குப் பாடகர்கள் ஒரு அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார்கள். நல்ல மருந்துதான், ஆனால் ஓரிரு நாளைக்கு. அதன் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசின் தினமும் உள்ளே போனால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். பிரஷர் ஏறும், தசை தளரும், இதயத்துடிப்பே தடுமாறலாம். நீர் பிரிய மாத்திரையும் எடுத்தால் இன்னும் ஆபத்து. நாளைக்கே டாக்டரிடம் கஷாயத்தை மறைக்காமல் சொல்லி, ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். படபடப்போ மயக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று: எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளே சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். அம்மாவின் மருந்துச்சீட்டில் அவை இருந்தால் அதையும் கேளுங்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.