ஆறு மாத வாடகையை முன்கூட்டி அனுப்பாதேயும், தம்பி

தம்பி, ஆகஸ்டில் மனைவி பிள்ளையோடு கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வருகிறீர், 1,600 டொலருக்குள் ஓர் அறை வீடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தன் வீட்டு நிலக்கீழ்ப் பகுதியைத் தருவதாகவும், ஆறு மாத வாடகையை இப்போதே அனுப்பினால்தான் பிடித்து வைப்பேன் என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர். குளிர் உடுப்பு, கைபேசி, வங்கிக் கணக்கு பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். கோட் மட்டும் ஊரில் வாங்க வேண்டாம், அவ்வளவுதான். மிச்சத்தை வந்து பார்க்கலாம். ஆறு மாதக் காசுக் கதையைத்தான் கதைக்க வேண்டும்.

அனுப்பாதேயும். ஒன்ராறியோ மாகாணத்தில் வீட்டுக்காரர் கேட்கக்கூடிய முற்பணம் ஒன்றே ஒன்றுதான்: கடைசி மாத வாடகை. அதுவும் ஒரு மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. நீர் வீட்டை விடும்போது கடைசி மாதத்துக்கு அது கழிய வேண்டும், வேறு எதற்கும் அல்ல. "உடைவு தேய்வுக்கு ஆயிரம் டொலர்" என்று கேட்டால் அது சட்டத்துக்கு மாறு. திறப்புக்கு ஒரு தொகை வாங்கலாம், ஆனால் அது புதுத் திறப்பு செய்கிற உண்மைச் செலவைத் தாண்டக்கூடாது. திறப்பைத் திருப்பிக் கொடுத்ததும் காசும் திரும்பி வர வேண்டும். பன்னிரண்டு பின்திகதிக் காசோலை தரும்படி கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. அந்தக் கடைசி மாதக் காசுக்கு வருடா வருடம் வட்டியும் தர வேண்டும் என்பது இங்கே பத்து வருடம் குடியிருந்த பலருக்கே தெரியாது. வட்டி வீதம், அரசு அறிவிக்கிற வாடகை உயர்வு வீதம்தான். 2026க்கு அது 2.1 வீதம். 1,600க்கு 33 டொலர் 60 சதம். வாடகை கூடும்போது அந்தக் கடைசி மாதக் காசையும் அதே அளவுக்கு நிரப்பச் சொல்ல வீட்டுக்காரருக்கு உரிமை இருப்பதால், பலர் ஒன்றை மற்றதில் கழித்துக்கொள்வார்கள்.

"உனக்கு இங்கே கிரெடிட் இல்லை, அதனால் ஆறு மாதம்" என்பதுதான் வழக்கமான சாட்டு. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கிற ஈக்குவிஃபாக்ஸிலோ ட்ரான்ஸ்யூனியனிலோ புதிதாக வந்தவருக்கு ஒரு வரிகூட இருக்காது என்பது உண்மை. ஆனால் கடன் வரலாறு இல்லாததையோ வாடகை வரலாறு இல்லாததையோ ஒருவருக்கு எதிராக எடுக்கக்கூடாது என்பது ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு. சட்டம் பேசினால் வீடு கிடைக்காது என்று நீர் சொல்வீர். சரி, பேச வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு கோப்பு தயார் செய்யும்: வேலைக் கடிதம் இருந்தால் அது, வங்கி மீதியைக் காட்டும் கடிதம், கடவுச்சீட்டின் பிரதி, குடிவரவுப் பத்திரம், முன்பு குடியிருந்த வீட்டு உரிமையாளரின் ஆங்கிலக் கடிதம். இங்கே நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவர் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் அவர் எதற்குப் பொறுப்பாகிறார் என்பதை முதலிலேயே சொல்லி விடும். நீர் வாடகை கட்டாவிட்டால் அவரிடம்தான் வருவார்கள். சொந்தத்துக்குள் பகை வருவது இந்த இடத்தில்தான்.

முன்கூட்டிக் கொடுத்த காசைத் திருப்பி எடுக்க வழி இருக்கிறது. வீட்டு உரிமையாளர் குடியிருப்பாளர் சபைக்கு, எல்ரிபி என்று எல்லோரும் சொல்லும் இடத்துக்கு, ரி 1 படிவம் போடலாம். ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். அதற்குள் உம்முடைய ஆறு மாதக் காசு வீட்டுக்காரரின் மோர்ட்கேஜ் கடனில் போயிருக்கும்.

சொந்தக்காரரின் வீடு விசயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது, அது காசைவிடப் பெரிது. குளியலறையையோ சமையலறையையோ நீர் வீட்டுக்காரரோடு, அல்லது அவருடைய மனைவி, பிள்ளை, பெற்றோரோடு பங்கிட வேண்டியிருந்தால், குடியிருப்பு வாடகைச் சட்டம் உமக்குப் பொருந்தவே பொருந்தாது. எல்ரிபியும் இல்லை, 60 நாள் முன்னறிவித்தலும் இல்லை, வாடகை உயர்வுக்கு வரம்பும் இல்லை. "சமையலை மேலே செய்யலாம், ஒரே குடும்பம்தானே" என்று அன்பாகச் சொல்வார்கள். அன்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மனத்தாங்கல் வருகிற நாளில் பிள்ளையோடு வெளியே நிற்பது நீர்தான். கீழே தனி அடுப்பு, தனிக் குளியலறை, தனி வாசல் மூன்றும் இருக்கிறதா என்று முதலில் கேளும்.

பிறகு ஒப்பந்தம். 2018 ஏப்ரல் 30 தொடக்கம் செய்கிற வழமையான வாடகை உடன்படிக்கை எல்லாம் மாகாண அரசின் நியமப் படிவத்தில் இருக்க வேண்டும். அது தராவிட்டால் எழுத்தில் கேளும். 21 நாளுக்குள் தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கலாம், அதன் பின் 30 நாளிலும் தராவிட்டால் அந்தக் காசைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை. கடைசிப் பக்கத்தில் தாங்களாகச் சேர்க்கிற நிபந்தனைகளை வடிவாக வாசியும். நாய் பூனை வளர்க்கக்கூடாது என்கிற வரி செல்லாது. "ஒரு வருடம் முடிய எழும்ப வேண்டும்" என்பதும் செல்லாது. வருடம் முடிந்தால் வாடகை தானாக மாதாந்தமாகத் தொடரும், புதிதாக எதிலும் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தோடு சேர்த்து என் 11 என்று ஒரு தாள் நீட்டினால் பேனையை மூடி வையும். இன்ன திகதியில் நானாகவே வீட்டை விடுகிறேன் என்று இப்போதே எழுதிக் கொடுக்கிற தாள் அது. வீடு தருவதற்கு நிபந்தனையாக வாங்கினது செல்லாது என்றாலும், அதை நிரூபிக்க நீர்தான் அலைய வேண்டும்.

மீன் பொரிக்கக்கூடாது, கறி மணம் மேலே வரக்கூடாது என்று தமிழ் வீட்டுக்காரர்களே நிபந்தனை போடுவதும் நடக்கிறது. சிரிக்கவா அழவா தெரியவில்லை.

நிலக்கீழ் வீடு பார்க்கப் போகும்போது பகலில் போம், மழை பெய்த அடுத்த நாள் என்றால் இன்னும் நல்லது. கதவு திறந்ததும் மூக்கு சொல்லும். ஊதுபத்தியோ வாசனைத் திரவமோ தூக்கலாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். சுவரின் அடிப்பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழத்துக்குள், நிறம் மாறியிருக்கிறதா, மரச்சட்டம் உப்பியிருக்கிறதா பாரும். கழுவுதொட்டிக்குக் கீழே இருக்கும் அலுமாரியைத் திறந்து உள்மூலைகளுக்கு டோர்ச் அடியும். மிளகுத்தூள் போலச் சின்னக் கரும்புள்ளிகள் கிடந்தால் கரப்பான். கூரை உயரம் 1.95 மீற்றராவது வேண்டும். நீர் உயரமான ஆள் என்றால் ஹீற்றர் குழாய் ஓடுகிற இடத்தில் நின்று பாரும், அங்கேதான் தலை முட்டும். படுக்கையறை யன்னலை நீரே திறந்து பாரும். தீப்பிடித்தால் ஆள் வெளியேறக்கூடிய யன்னல் என்றால் 0.35 சதுர மீற்றர் திறந்த இடைவெளி வேண்டும், எந்தப் பக்கமும் 38 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. கம்பி அடித்த யன்னல், வர்ணம் பூசி ஒட்டிப்போன யன்னல், யன்னலே இல்லாத "அறை" மூன்றும் வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவியையும் காபன் மொனொக்சைட் கருவியையும் அழுத்திச் சத்தம் வருகிறதா பாரும்.

அதற்கடுத்து வெப்பம். அனேகமான வீடுகளில் தெர்மோஸ்டாற் மேலே இருக்கும், கீழே குளிர்வது மேலே இருப்பவருக்குத் தெரியாது. குளிர்காலத்தில் 21 பாகை இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரின் விதி. பத்து டொலர் வெப்பமானி ஒன்றை வாங்கித் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் வைத்துத் திகதியோடு படம் எடுத்தால் வாய்த்தர்க்கம் தேவையில்லை. 311க்கு அழைத்தால் நகரசபை ஆள் வருவார். உடுப்புத் தோய்க்கிற மெஷின் யாருடைய பக்கத்தில் இருக்கிறது, எந்த நாள் எத்தனை மணிக்குப் பாவிக்கலாம் என்பதையும் எழுத்தில் வாங்கும். ஹைட்ரோ என்கிற மின்சாரம், தண்ணீர், காஸ், இன்ரர்நெற் இவற்றில் எது வாடகைக்குள், எது வெளியே? "பில்லில் 30 வீதம்" என்று வாயால் சொல்வது எல்லாம் சண்டைக்கு விதை.

1,600க்கு நிலக்கீழ் வீடு கிடைக்கும். பழைய மாடிக் கட்டிடத்தில் கேட்டால் அனேகமாக அதற்கு மேலே சில நூறு சொல்வார்கள். இருந்தாலும் குடும்பக்காரருக்கு நான் சொல்வது பழைய கட்டிடம்தான். மார்க்கம் வீதி, எக்ளின்ரன், கிங்ஸ்ரன் வீதிப் பக்கம் 60களிலும் 70களிலும் எழும்பின கோபுரங்கள். வெளியே அழகில்லை, மின்தூக்கி அடிக்கடி நிற்கும். ஆனால் கொம்பனிக்காரன் "என் மகன் கலியாணம் கட்டி வருகிறான், எழும்பு" என்று சொல்ல மாட்டான். வீட்டுக்காரர் தன் தேவைக்கு எழுப்புகிற என் 12 அறிவித்தல் தனியாள் வீட்டிலும், தனித்தனியாக விற்ற மாடி வீடான கொண்டோவிலும்தான் வரும்: குறைந்தது 60 நாள் அறிவித்தல், வழமையாக ஒரு மாத வாடகை நட்டஈடு. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல்முறையாக ஆள் குடியேறின கட்டிடங்களுக்கு வாடகை உயர்வு வரம்பும் கிடையாது. புதிதாகப் பிரித்துக் கட்டின சில நிலக்கீழ் வீடுகளுக்கும் இதே விலக்கு. கண்ணாடி மினுங்குகிற புதுக் கொண்டோவில் வருடத்துக்கு ஒருமுறை, 90 நாள் அறிவித்தலோடு, எவ்வளவும் கூட்டலாம். கட்டிடத்தின் வயதைக் கேட்காமல் வாடகையை மட்டும் கேட்பது பாதிக் கேள்வி.

மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத வாடகைக் கட்டிடங்களை ரென்ற்சேஃப்ரிஓ என்ற திட்டத்தின் கீழ் நகரசபை பரிசோதித்துப் புள்ளி போடுகிறது. முகவரியைப் போட்டு யாரும் பார்க்கலாம். புள்ளி பார்த்த பிறகு நேரே வாடகை அலுவலகத்துக்குப் போம், இணையத்தில் வராத வீடுகள் அங்கே இருக்கும். கிஜிஜி விளம்பரத் தளத்திலும் ஃபேஸ்புக்கிலும் சந்தை விலைக்கு ஐநூறு டொலர் குறைவாக, "நான் இப்போது நாட்டில் இல்லை, திறப்பைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று வருவது முழுக்கக் கள்ளம். படத்தை எடுத்துக் கூகுளில் தேடினால் வேறு நகரத்து விற்பனை விளம்பரம் வரும்.

ஆகஸ்ட் கெட்ட நேரம், செப்ரெம்பர் மாணவர் கூட்டத்தோடு முட்டுப்படுவீர். ஆனால் 2024க்குப் பிறகு மாணவர் வரவு குறைந்து புதுக் கொண்டோக்களும் நிறைய முடிந்ததால் வாடகை சற்று இறங்கியிருக்கிறது. ஒரு மாதம் இலவசமாகத் தர முடியுமா என்று கேட்கத் தயங்காதேயும், தருகிறார்கள். முதல் மாதத்துக்கு யாருடைய வீட்டிலாவது ஓர் அறையில் நில்லும், எத்தனை நாள் என்று முதலே சொல்லி, சாப்பாட்டுச் செலவையும் கொடுத்து. அந்த மாதத்தில் பார்த்து எடுக்கிற வீடு, அங்கேயிருந்து படத்தில் பார்த்து எடுக்கிற வீட்டைவிட எப்போதும் மலிவு.

பயணம் பற்றி ஒன்று மட்டும். ஸ்காபரோவின் பழைய ரயிலை நினைத்து "ஆர்.ரி. ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில்" என்று பழைய ஆக்கள் இன்னமும் சொல்வார்கள். 2023 ஜூலையில் தடம்புரண்ட பிறகு அந்த ரயில் ஓடவேயில்லை, கெனடி சுரங்க ரயில் நிலையம் வரைக்கும் பஸ்தான். காலை ஏழு மணிக்கு அந்தப் பஸ்ஸில் ஒருமுறை ஏறிப் பார்த்து விட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வையும். பள்ளிக்கூடமும் முகவரியைப் பொறுத்ததுதான், எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று கல்விச்சபையின் தளத்தில் பார்க்கலாம்.

எங்கள் ஆக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் வெலெஸ்லியும் பார்லிமென்ரும் சந்திக்கிற செயின்ற் ஜேம்ஸ் டவுன் கோபுரங்களில் ஓர் அறைக்குள் ஆறேழு பேராக மாறி மாறிப் படுத்தார்கள். இரவு வேலைக்காரன் எழும்பிப் போன பாயில் பகல் வேலைக்காரன் படுப்பான். யாரும் யாரிடமும் ஆறு மாதம் முன்காசு கேட்கவில்லை, கேட்டாலும் கொடுக்க ஒருவரிடமும் இருந்திருக்காது. சோற்றுச் சட்டி பொது, கட்டிடத்தைப் பார்க்கிற சூப்பரின்ரென்டன்ற் கதவு தட்டினால் பாதிப்பேர் குளியலறைக்குள். பிறகு ஸ்காபரோ, அதற்குப் பிறகு மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ரன் என்று வீடு வாங்கிப் போனார்கள். நல்லது. அந்த வீடுகளின் நிலக்கீழில் இன்று புதிதாக வருகிற பிள்ளைகளிடம் காசாகத் தா, ரிசீற் கேட்காதே என்கிறவர்களும் அவர்களில் உண்டு. எல்லோரும் அல்ல. வாடகை வாங்காமல் மூன்று மாதம் வைத்திருந்தவர்களையும் தெரியும்.

ரிசீற்றை விடாதேயும். கேட்டால் இலவசமாகத் தர வேண்டியது சட்டக் கடமை. வருமான வரிப் பத்திரத்தோடு ஒன்ராறியோ ட்ரில்லியம் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும்போது எவ்வளவு வாடகை, யாருக்குக் கட்டினீர் என்று எழுத வேண்டும், அத்தாட்சி கேட்டால் காட்ட வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அது சின்னக் காசு அல்ல. வீட்டுக்காரர் வாடகை வருமானத்தை வரிக்குக் காட்டாமல் மிச்சம் பிடிப்பதற்காக நீர் அதை இழக்கிறீர். வாடகையை வங்கி வழியாக இ-ட்ரான்ஸ்ஃபர் செய்து, குறிப்பில் மாதத்தையும் முகவரியையும் எழுதும்.

வீட்டை விடுகிற போது வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய அறிவித்தல் என் 9 படிவம். குறைந்தது 60 நாள், முடிகிற நாள் வாடகை மாதத்தின் கடைசி நாளாக இருக்க வேண்டும். மார்ச் 31 விடுவதானால் ஜனவரி 30க்குப் பிந்தாமல் கையில் கொடுத்து, வாங்கினதற்கு ஒரு குறுஞ்செய்தி வாங்கும். தபாலில் போட்டால் ஐந்து நாளைக் கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் இன்னொரு மாத வாடகை உம்முடைய தலையில்தான்.