குளிரில் கூடாரத்தில் தூங்க எந்த மேட் வாங்குவது?

ஸ்லீப்பிங் பேக் நன்றாக இருந்தும் முதுகு சில்லிடுகிறது, தடிமனான காற்று மெத்தை வாங்கினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடிமன் மட்டும் போதாது. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் உங்கள் எடையில் நசுங்கிவிடும், அதனால் அங்கே சூடு தங்காது. அந்த வேலையை மேட்தான் செய்ய வேண்டும். உள்ளே எந்தக் காப்புப் பொருளும் இல்லாத காற்று மெத்தை 8 செ.மீ. உயரம் இருந்தாலும், உள்ளிருக்கும் காற்று சுழன்று உடல் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும்.

பார்க்க வேண்டியது ஆர் மதிப்பு. வெப்பம் கீழே போவதை மேட் எவ்வளவு தடுக்கிறது என்பதை அது சொல்லும். மிதமான இரவுக்கு 2 போதும். 0 டிகிரியை ஒட்டினால் 4 வேண்டும். பனி மேல் படுப்பதென்றால் 5-க்குக் கீழே போகாதீர்கள். எளிதில் குளிரெடுப்பவர் என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஏ.எஸ்.டி.எம். எஃப்3340 என்ற பொதுவான சோதனை முறையில் அளந்த எண்ணா என்றும் பாருங்கள், அப்போதுதான் வெவ்வேறு கம்பெனி மேட்களை ஒப்பிட முடியும்.

இரண்டு மேட்களை அடுக்கினால் மதிப்புகள் கூடும்: 2 உள்ள ஃபோம் மேட்டும் 3.5 உள்ள காற்று மேட்டும் சேர்ந்தால் 5.5. சுமை கொஞ்சம் கூடினாலும் கடுங்குளிருக்கு நான் சொல்வது இதைத்தான். நடுராத்திரியில் காற்று மேட் ஓட்டையானாலும் உடலுக்கும் பனிக்கும் நடுவே ஃபோம் இருக்கும்.

அப்புறம், வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே தங்கி உறையும். வெளிக்காற்றைப் பிடித்து மேட்டுக்குள் அழுத்தும் பம்ப் பையே நல்லது. இரவில் குளிரக் குளிர மேட் தளரும், படுக்கும் முன் ஒருமுறை காற்றுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.