எரிகிற சோப்பும் சுருண்ட போர்வையும்: வாசகர் கேள்வி பதில்

சொந்தத் தோப்புத் தேங்காய். ஆட்டி வைத்த எண்ணெய் பழசாகிக் காறல் வாடை அடித்ததால் சோப்பு காய்ச்சினேன். 1 லிட்டர் எண்ணெய்க்கு 200 கிராம் காஸ்டிக் சோடா, தண்ணீர் கண்ணளவு. மறுநாள் வெட்டினால் பொடிப்பொடியாக உதிர்கிறது. துணி துவைத்தால் கை எரிகிறது. எல்லாவற்றையும் கொட்டிவிடவா?
*வாசகி, நாகர்கோவில்*

கொட்ட வேண்டாம், மீட்டுவிடலாம். அதற்கு முன் தப்பு எங்கே நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

சோப்பில் எண்ணெயை லிட்டரில் அளக்கவே கூடாது, எடைதான் கணக்கு. 1 லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் நிற்கும். 1 கிலோ தேங்காய் எண்ணெய் மொத்தமும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். அப்படியானால் உங்கள் எண்ணெய் ஏற்கக்கூடியது 168 கிராம். நீங்கள் போட்டது 200. மிச்சம் 32 கிராம் காரம் (காஸ்டிக் சோடா) சேர்வதற்கு எண்ணெய் இல்லாமல் சோப்புக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கையை எரிப்பது அதுதான்.

மீட்கும் வழி: கையுறை மாட்டிக்கொண்டு சோப்பு முழுவதையும் துருவுங்கள். உதிர்ந்த தூளையும் விடாமல் சேருங்கள், காரம் அதிலும் இருக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு 150 மி.லி. தண்ணீரும், புதிதாக 225 கிராம் தேங்காய் எண்ணெயும் ஊற்றுங்கள். அந்தப் பாத்திரத்தைக் கொதிக்கும் தண்ணீருள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, சிறு தீயில் ஒரு மணி நேரம் அவ்வப்போது கிளறுங்கள். களி போல, கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு திரளும். அச்சில் அழுத்தி வைத்து, நான்கு வாரம் காற்றாடக் காயவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் துணிக்கும் பாத்திரத்துக்கும் தாராளமாக ஆகும். உடம்புக்கு மட்டும் போடாதீர்கள்.

அடுத்த முறைக்கு அளவு சொல்லிவிடுகிறோம். துவைக்கும் சோப்புக்கு 1 கிலோ தேங்காய் எண்ணெய், 178 கிராம் காஸ்டிக் சோடா, 380 கிராம் தண்ணீர். குளிக்கும் சோப்பு என்றால் அதே எண்ணெய்க்குக் காரம் 146 கிராம், தண்ணீர் 350 கிராம். காரம் குறைவதால் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சோப்பாகாமல் தங்கும். தேங்காய் எண்ணெய் சோப்பு அழுக்கோடு தோலின் பிசுக்கையும் சேர்த்து எடுத்துவிடும் ரகம். மிச்ச எண்ணெய் இல்லாவிட்டால் குளித்ததும் தோல் வெள்ளை பூத்துவிடும்.

காறல் எண்ணெய் துவைக்கும் சோப்புக்குப் பரவாயில்லை. நல்லெண்ணெய் கலந்தாலோ பாமாயில் கலந்தாலோ காரக் கணக்கு மாறும். நல்லெண்ணெய்க்குக் கிலோவுக்குச் சுமார் 134 கிராம், பாமாயிலுக்கு 142. தேங்காய் எண்ணெய்க் கணக்கை அவற்றுக்குப் போட்டால் மறுபடியும் கை எரியும்.

செய்யும்போது கவனிக்க வேண்டியவை: தண்ணீரில்தான் காரத்தைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம், அலுமினியக் கரண்டி இரண்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. காரம் அலுமினியத்தை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். ஜன்னல் திறந்திருக்கட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போன நேரமாகப் பாருங்கள். மேலே பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். எலுமிச்சை, வினிகர் தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் அதே மாதிரி கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கரைசலும் எண்ணெயும் தொட்டால் இளஞ்சூடாக (40 முதல் 45 டிகிரி) ஆன பிறகு சேர்த்துக் கிளறுங்கள். காரக் கரைசலின் சூட்டைப் பாத்திரத்தின் வெளிப்பக்கம் தொட்டே பார்க்க வேண்டும், விரலை உள்ளே விட்டுவிடாதீர்கள். கரண்டியிலிருந்து சொட்டுவது மேலே கோடாக நின்றால் பதம், தோசை மாவு மாதிரி இருக்கும். மூடி போட்ட மிக்ஸி ஜாரில் அடிக்க வேண்டாம், சூட்டில் மூடி பிய்த்துக்கொண்டு போகும். வெட்டுவதற்கு மறுநாள்வரை காத்திருந்ததும் உங்கள் சோப்பு உதிர ஒரு காரணம். தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் கல்லாகிவிடும். ஊற்றிய 5 மணி நேரத்திலிருந்தே விரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டி வெண்ணெய்போல் இருக்கும்போது கையுறையோடு வெட்டிவிட வேண்டும்.

காசு கணக்கும் சொல்லிவிடுவோம். கடையில் எண்ணெய் வாங்கிச் சோப்பு காய்ச்சினால் துவைக்கும் சோப்பில் ஒன்றும் மிச்சமாகாது. வீட்டில் வீணாகப்போகும் எண்ணெய் இருந்தால்தான் இந்த வேலை.

குக்கர் காஸ்கெட் தளர்ந்து ஓரத்தில் ஆவி போகிறது. ஃபிரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்கள், நூல் சுற்றினால் நிற்கும் என்கிறார்கள்.
*வாசகி, ஆவடி*

ஃபிரீசரில் கால் மணி நேரம் வைத்தால் ரப்பர் சுருங்கி அன்றைய சமையல் ஓடிவிடும். சூடு பட்டால் பழையபடி தளரும். நூல் சுற்றுவது வேண்டவே வேண்டாம், மூடி சரியாக உட்காராது. வெடித்த, விறைத்த காஸ்கெட்டை மாற்றிவிடுங்கள். ஆவி போவதால் ஆகும் கேஸ் செலவோடு பார்த்தால் புதியது மலிவு. வாங்கும்போது குக்கரின் கம்பெனிப் பெயர், லிட்டர் அளவு இரண்டையும் சொல்லி வாங்குங்கள். கழுவியதும் காஸ்கெட்டைக் கழற்றித் தனியே வைத்தால், மூடியை மாட்டிப் பூட்டி வைப்பதைவிட நாள்பட வரும்.

அம்மாவின் பழைய புடவைகளை அடுக்கிப் போர்வை தைத்தேன். இரண்டு தரம் துவைத்ததும் உள்ளே சுருண்டு கட்டி கட்டியாகிவிட்டது. பிரித்துத் தைக்கலாமா?
*வாசகி, திண்டுக்கல்*

அனுப்பிய படத்தில் தையல் வரிகளுக்கு நடுவே உள்ளங்கை அகலம் இடைவெளி தெரிகிறது. சுருண்டதற்கு முக்கியக் காரணம் அதுதான். இன்னொன்று, நடு அடுக்கு பாலியெஸ்டர் கலந்த புடவை. அது வழுக்கும். நூல் புடவை தண்ணீரில் சுருங்கும்போது அது சுருங்காது. மேலும் கீழும் இழுக்க, நடுவில் உள்ளது மடிந்து கட்டியாகிறது. பிரித்துவிடுங்கள். அந்தப் புடவையைக் கழித்துவிட்டு, முழுக்க நூல் புடவையிலேயே செய்யுங்கள்.

வங்காளத்தில் காந்தா என்றும் வட கர்நாடகத்தில் கவுதி என்றும் வழங்குவது இதே வேலைதான். அங்கே வரிகள் எவ்வளவு நெருக்கம் என்று ஒரு தரம் பார்த்தால் புரிந்துவிடும்.

5.5 மீட்டர் புடவையைக் குறுக்கே மூன்றாக வெட்டினால் துண்டுக்கு 1.8 மீட்டர் நீளம், ஏறக்குறைய 1.15 மீட்டர் அகலம். ஒருவர் போர்த்த இது போதும். ஒரு புடவையில் மூன்று அடுக்கு வரும், இரண்டு புடவை என்றால் ஆறு அடுக்கு. ஆறைக் கையால் குத்தி எடுப்பது விரலுக்குத் தண்டனை. நான்கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெட்டுமுன் கஞ்சி போக அலசிக் காயவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கொசுவம் வருகிற இடமும் கால் தட்டுகிற கீழ்ப்பக்கமும் வலைபோல் நைந்திருக்கும். அந்தத் துண்டு நடு அடுக்குக்குப் போகட்டும். கரை கனமாக இருந்தாலோ சரிகையாக இருந்தாலோ வெட்டி எடுத்துவிடுங்கள். கனமான கரை புடவையின் மற்றப் பகுதியைப் போலச் சுருங்காது, சரிகை குழந்தைக்குக் குத்தும். நூல் கரையாக இருந்தால் அதையே கடைசியில் ஓரப் பட்டியாக வைத்துத் தைக்கலாம்.

துடைத்த தரையில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி, நான்கு மூலையிலும் கனமான புத்தகம் வையுங்கள். முதலில் நடுவிலிருந்து கூட்டல் குறிபோல இரண்டு பக்கமும், பிறகு 20 செ.மீ.க்கு ஒரு வரியுமாக, பெரிய பெரிய தற்காலிகத் தையல் போடுங்கள். இதை விட்டுவிட்டு நேரே தைக்க உட்கார்ந்தால் ஓரத்துக்கு வரும்போது ஒரு அடுக்கு நான்கு விரல் நீண்டு நிற்கும்.

அசல் தையலும் நடு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சாதாரண ஓட்டுத் தையல், மேலே 5 மி.மீ., வரிக்கு வரி 2.5 செ.மீ. ஆறு இழை எம்பிராய்டரி நூலைப் பிரித்து மூன்று இழையாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முழுப் போர்வைக்கு 46 வரி, வரிக்கு 1.8 மீட்டர், அதோடு துணிக்குள் ஏறி இறங்கும் நூலும் சேர்த்தால் 95 மீட்டர் ஆகும். 8 மீட்டர் சுருளைப் பிரித்தால் 16 மீட்டர் என்பதால் ஆறு சுருள் வாங்கினால் சரியாக இருக்கும். ஏழாவதாக ஒன்று அதே நிறத்தில் எடுத்து வையுங்கள், பின்னால் தேடினால் அந்தச் சாயம் கிடைக்காது. ஊசியில் ஒன்றரை முழத்துக்கு மேல் நூல் வேண்டாம், சிக்கும். நூலை இழுத்து இறுக்காதீர்கள். பழந்துணி அந்த இடத்தில்தான் கிழியும். முடிச்சை அடுக்குகளுக்கு நடுவே ஒளித்துவிடுங்கள்.

துவைத்தபின் ஈரப் போர்வையை ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் கனத்தில் தையல் விடும். இரண்டு கொடியில் பரத்திப் போடுங்கள்.

பழைய பேண்டுகளில் கடைக்குப் போகும் பை தைக்கிறேன். மெஷினில் கீழ்ப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சேர்கிறது. பாபின் கேஸ் திருகை இறுக்கியும் சரியாகவில்லை.
*வாசகர், ஈரோடு*

பாபின் பக்கம் போயிருக்கவே வேண்டாம், அந்தத் திருகைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடுங்கள். கீழே நூல் குவிந்தால் கோளாறு அநேகமாக மேல் நூலில்தான். துணியை அழுத்தும் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால், டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும். நூல் உள்ளே போகாமல் மேலேயே நிற்கும், பிடிப்பில்லாமல் கீழே கொட்டும். பாதத்தைத் தூக்கி வைத்து முதலிலிருந்து கோர்த்துக்கொள்ளுங்கள். ஊசியில் நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்துதான் நூல் நுழைய வேண்டும். தொடங்கும்போது இரண்டு நூல் நுனியையும் பின்னால் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையலைப் போடுங்கள்.

ஜீன்ஸ் துணிக்கு 16-ஆம் நம்பர் ஊசி, நான்கு மடிப்பு சேரும் இடத்துக்கு 18. சட்டைத் துணிக்குப் போடும் 14 வளைந்து ஷட்டிலில் இடிக்கும். மடிப்பு தடித்த இடத்தில் மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைக் கையால் உருட்டுங்கள்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் இந்தப் பைக்கு வேலை நிறைய. ஐந்து கிலோ அரிசி தாங்க வேண்டுமானால் கைப்பிடி முக்கியம். 10 செ.மீ. அகலப் பட்டையை நான்காக மடித்து 2.5 செ.மீ. ஆக்கி, நீளம் 60 செ.மீ. வையுங்கள். வாய் ஓரத்தில் மட்டும் தைத்து விடாமல், பைக்குள் 5 செ.மீ. இறக்கிக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறி தையுங்கள். அடித்தையல் இரட்டை.

நாத்தனார் மகளின் சுடிதார்கள் ஐந்து நல்ல நிலையில் வந்திருக்கின்றன. என் 11 வயது மகள் தொட மாட்டேன் என்கிறாள். வீண் செலவு செய்யும் குடும்பமும் நாங்கள் இல்லை.
*வாசகி, தென்காசி*

விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவில் "இது அக்காவோடதுதானே" என்று யாராவது கேட்டிருப்பார்கள். முதலில் நாத்தனாரிடமும் மாமியாரிடமும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவையுங்கள். வந்த ஐந்தில் இரண்டை அவளையே பொறுக்கச் சொல்லுங்கள். மற்ற மூன்று வீட்டுக்கு, அல்லது தலையணை உறைக்கு.

பெரியவள் துணி என்று காட்டிக்கொடுப்பது தோள்தான். பலரும் பக்கத்தையலை மட்டும் பிடித்துவிடுகிறார்கள். அப்போது தோள் தொங்கி, இடுப்பு இறுகி, இன்னும் மோசமாகத் தெரியும். கையைப் பிரித்து எடுத்து, தோளைத் தேவையான அளவு வெட்டி, கையைத் திரும்ப வைத்துத் தைக்க வேண்டும். நீளத்தை வெட்டாதீர்கள், 6 செ.மீ. உள்ளே மடித்து ஹெம்மிங் போடுங்கள். அடுத்த வருஷம் இறக்கும்போது மடிப்பு இருந்த இடம் வெளிறிக் கோடாக நிற்கும். அதன்மேல் ஒரு லேஸ் ஓட்டிவிட்டால் போதும், லேஸ் நிறம் அவள் விருப்பம். வருஷத்துக்கு ஒரு புதுத்துணியாவது அவளுக்கென்றே எடுங்கள், இதில் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஜவ்வரிசி வடாம் பொரித்தால் நடுவில் பல்லை உடைக்கும் கல் நிற்கிறது.
*வாசகி, திருவாரூர்*

வேகவில்லை. 1 டம்ளர் ஜவ்வரிசியை 2 டம்ளர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, கொதிக்கும் 4 டம்ளர் தண்ணீரில் ஊறிய தண்ணீரோடு கொட்டிக் கிளறுங்கள். முத்துக்குள் வெள்ளைப் பொட்டு ஒன்றுகூடத் தெரியாமல் கண்ணாடியாகும்வரை அடுப்பில் இருக்கட்டும். அந்தப் பொட்டுதான் பொரியாமல் கல்லாக நிற்கிறது. உப்பு நாக்குக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், காயக் காய ஏறும். எலுமிச்சைச் சாறு ஆறிய பிறகு. துணியில் இட்டதை மறுநாள் எடுக்கும்போது, துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்தால் உடையாது. உரித்ததை மறுபக்கம் திருப்பி இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். ஒடித்தால் சடக்கென்று சத்தம் வந்த பிறகுதான் டப்பா.