போக்கரில் ஒரு கையை முன்கூட்டியே திட்டமிடுவது எப்படி? ஃபிளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) வரை நன்றாகப் போகிறது, ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) என்ன செய்வதென்று தெரியாமல் திணறுகிறேன்.

ரிவரில் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஃபிளாப்பில் போட்ட பெட்டின் (பந்தயத்தின்) அளவுதான். பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ லிமிட் ஹோல்டெமில் ஒரு சுற்றின் பெட் அடுத்த சுற்றின் பாட்டை (நடுவில் சேர்ந்திருக்கும் சிப்பை) பெருக்கிவிடும். அதனால் கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்.

பிளைண்ட் (கட்டாய முன்பந்தயம்) 50/100, இருவரிடமும் 10,000 சிப். பட்டனில் (ஃபிளாப்புக்குப் பின் கடைசியாக ஆடும் இடம்) இருப்பவர் 300 வைக்கிறார். 100 வைத்த பிக் பிளைண்டில் கிங் ஜோடியோடு இருக்கும் நீங்கள் 1,100 ஆக்குகிறீர்கள். 50 வைத்தவர் விலக, பட்டனில் இருப்பவர் கால் செய்கிறார் (அதே தொகைக்கு ஈடுகட்டுகிறார்). பாட் 2,250, கையில் மிச்சம் 8,900, அதாவது பாட்டைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஃபிளாப் 9-6-2, மூன்றும் வேறு வேறு சின்னம்.

இங்கே மொத்தத்தையும் உள்ளே தள்ளுவதுதான் நோக்கம். ஃபிளாப்பில் 1,200 போட்டு அவர் கால் செய்தால் பாட் 4,650. டர்னில் (நான்காவது பொதுச் சீட்டு) 2,500, பாட் 9,650. ரிவரில் மிச்சம் 5,200, பாட்டில் பாதியை விடச் சற்றே அதிகம். இயல்பான ஆல் இன் (மிச்சம் முழுவதையும் வைப்பது). மாறாக ஃபிளாப்பில் 750, டர்னில் 1,250 என்று போட்டால், ரிவரில் பாட் 6,250, கையில் 6,900. பாட்டை மிஞ்சிய அந்தப் பெட்டைப் பார்த்ததும் 9-இல் ஒரு ஜோடி வைத்திருப்பவர் எளிதாகச் சீட்டை மடக்கிவிடுவார்.

நீங்கள் ஏற்றாமல் வெறுமனே கால் செய்திருந்தால் பாட் 650, மிச்சம் 9,700, பதினைந்து மடங்கு. மூன்று சுற்றிலும் பாட்டுக்கு மேல் போட்டால்தான் அது உள்ளே போகும். ஒற்றை ஜோடிக்கு அது வேண்டவே வேண்டாம். இரண்டு சுற்று பெட், ஒரு சுற்று செக் (பெட் போடாமல் விடுவது) போதும்.

பெட் போடுமுன்பே டர்ன் சீட்டுகளையும் பிரித்து வையுங்கள். 3, 4 போன்றவை வந்தால் தொடரலாம். ஏஸ் வந்தால் செக், ஏனென்றால் உங்கள் 1,100-ஐக் கால் செய்தவர் கையில் ஏஸ் இருக்க நல்ல வாய்ப்பு.

ஃபிளஷுக்கு (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறையும் கையில் இந்தத் திட்டம் இன்னும் அவசியம். பார்க்காத 47 சீட்டில் 9 உங்களுக்கு வேண்டிய சின்னம். டர்னில் வர சுமார் 19 சதவீதம், ரிவருக்குள் 35. மூன்றில் ஏறக்குறைய இரண்டு முறை வராது என்பதால் ரிவர் பிளஃபுக்கு (வலுவில்லாத கையோடு பெட் போட்டு எதிராளியை மடக்க வைப்பதற்கு) சிப் மிச்சம் வேண்டும். பாட் 6,000 இருக்கும்போது கையில் 2,000 மட்டுமே இருந்தால், எதிராளி ஐந்தில் ஒரு முறை ஜெயித்தாலே அவருக்குக் கால் கட்டுப்படியாகும், மடக்க மாட்டார். ரிவரில் அந்த நிலைதான் வரும் என்று தெரிந்தால், டர்னிலேயே மொத்தத்தையும் தள்ளுங்கள், இல்லையென்றால் செக் செய்து இலவசமாக ரிவரைப் பார்க்க முயலுங்கள்.