பைனியாண்டி என்றொரு குடும்பப் பெயர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குடும்பப் பெயர் பைனியாண்டி. ஆங்கில எழுத்தில் பி, ஒய், என், பிறகு இரண்டு ஈ, அதன் பின் ஏ, என், டி, மறுபடியும் இரண்டு ஈ என்று எழுதி வருகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த ஒருவர், இப்படி ஒரு பெயரே தமிழில் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் அதைப் 'பையன் ஆண்டி' என்று பிரித்துக் காட்டினார். கோவிலில் ஒரு பெரியவர் அது தெலுங்குப் பெயர் என்கிறார். எங்கள் வீட்டுப் பழைய பித்தளைக் குத்துவிளக்கின் அடித்தட்டில் 'பயனியாண்டி ம. முனிசாமி' என்று கூராணியால் கீறிய எழுத்துகள் இருக்கின்றன. அதுவும் பிழையாகவே தெரிகிறது. எங்கள் பெயருக்குப் பொருள்தான் என்ன? (வாசகி, ரோஸ்ஹில், மொரிசியஸ்)

பதில்: அம்மா, விளக்கில் இருப்பது பிழையன்று. உங்கள் கேள்விக்கான விடையை அந்த விளக்கே சொல்லிவிடுகிறது. உங்கள் பெயர் பழனியாண்டி. பழனி மலையில் கோவணமும் தண்டமுமாக நிற்கும் முருகனைக் குறிக்கும் பெயர் அது. பழனிக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கும், அங்கே முடியிறக்கிய பிள்ளைக்கும் அந்தப் பெயரை இடுவது தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பரவலான வழக்கம்.

'பழனி' எப்படிப் 'பயனி' ஆயிற்று என்பதுதான் இதில் சுவையான பகுதி. ழகரத்தை நாவை மடக்கிச் சொல்லும் பழக்கம் தமிழ்நாட்டுப் பேச்சு வழக்குகள் பலவற்றில் இல்லை. மதுரைக்குத் தெற்கே பெரும்பாலும் அது ளகரமாகிவிடும். சென்னை, செங்கல்பட்டு, வட ஆற்காடு ஆகிய வட பகுதிகளிலோ அது யகரமாகிவிடும்; அங்கே வாழைப்பழம் 'வாயப்பயம்', கிழவி 'கெயவி', மழை 'மயை'. அந்த நாவில் பழனி என்ற ஊர்ப் பெயர் 'பயனி' என்றே வரும். விரைவாகச் சொல்லும்போது நடுவிலுள்ள அகரம் தேய்ந்து 'பைனி' என்றாகிவிடும். விளக்கில் கீறியவர் இலக்கணம் பார்த்து எழுதவில்லை. வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே எழுதினார். குடியேறியவர்களைப் பதிவு செய்த, தமிழே தெரியாத எழுத்தர் ஒருவர், காதில் விழுந்த அதே ஒலியை ஆங்கில எழுத்தில் பிடித்து வைத்தார். ஒருவரை ஒருவர் அறியாத இந்த இரண்டு கைகளும் ஒரே உச்சரிப்பைப் பதிந்திருப்பதால், இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இந்தத் தீவிலேயே இன்னொரு குடும்பம் இதே பெயரை ஒய்-க்குப் பின் ஒரு ஏ சேர்த்து, 'பயனி' என்ற ஒலி கெடாமல் எழுதி வருவதையும் சேர்த்துப் பாருங்கள்.

'பையன்' என்று பிரித்த ஆசிரியர் எழுத்தைப் பார்த்தாரே தவிர, ஒலியைக் கேட்கவில்லை. தெலுங்கு என்று சொன்ன பெரியவர் கருத்துக்கு ஓரளவு காரணம் உண்டு. விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து இங்கே வந்த தெலுங்கர்களிடையே பொன் என்று பொருள்படும் 'பைடி' என்ற சொல்லில் தொடங்கும் பெயர்கள் உள்ளன. அவற்றில் டகரம் விடுபடுவதில்லை. உங்கள் பெயரின் முன்பகுதியில் அது இருந்ததற்கான தடமே இல்லை. பின்பகுதியிலுள்ள 'ஆண்டி'யோ ஐயத்துக்கு இடமின்றித் தமிழ்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். 'பயனி' என்ற உச்சரிப்பை வைத்து உங்கள் முன்னோர் செங்கல்பட்டுக்காரர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறும் முன் அவர்கள் தங்கியிருந்த மதராஸ் டிப்போவில் பெயரைக் கேட்டுச் சொன்ன மொழிபெயர்ப்பாளர் வட பகுதிக்காரராக இருந்து, தஞ்சாவூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வந்தவரின் பெயரைத் தம் நாவின்படி சொல்லியிருக்கவும் கூடும். ஆனால் விளக்கில் எழுதியவர் குடும்பத்தாராகவே இருந்திருப்பார் என்பதால், என் சாய்வு வட பகுதியின் பக்கமே.

கேள்வி: இந்தப் பெயர் கொண்டவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள்? (அதே வாசகி)

பதில்: தலைகளை எண்ணிச் சொல்ல வழியில்லை. மொரிசியஸின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்னார் இன்ன சமூகம் என்று கேட்டது 1972-இல்தான் கடைசி. அதன் பிறகு சமயமும் மொழியும் கேட்கப்படுகின்றனவே தவிர, குடும்பப் பெயர்களை எண்ணுவது அதன் வேலையன்று. ஆனால் ஏன் குறைவு என்பதற்கு விடை சொல்லலாம்.

முதலில், அது குடும்பப் பெயராகப் பிறக்கவே இல்லை. 1834 நவம்பர் 2 அன்று 'அட்லஸ்' கப்பல் 36 தொழிலாளர்களுடன் போர்ட் லூயிஸில் நங்கூரமிட்டதிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, ஒப்பந்தக் கூலிகளாக நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தார்கள். மதராஸிலிருந்து வந்தவர்களுக்கு இருந்தது ஒற்றைப் பெயர். அதனுடன் தகப்பன் பெயர் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். இங்குள்ள பதிவேடோ இரண்டு பெயர் கேட்டது. முனிசாமியின் பிள்ளைகளைப் பதிவு செய்யும்போது சில வீடுகளில் தகப்பன் பெயரான முனிசாமியே குடும்பப் பெயராக உறைந்துபோயிற்று. வேறு சில வீடுகளில் ஒரு தலைமுறை மேலே போய், கப்பலேறி வந்த பாட்டன் பெயர் உறைந்தது. உங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது வகை. விளக்கிலுள்ள 'ம.' என்ற ஓரெழுத்து, மகன் என்பதன் சுருக்கம். பழனியாண்டி என்பது அப்போது இன்னும் தகப்பன் பெயராக மட்டுமே இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

எனவே இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு சாதியையோ குலத்தையோ தேடுவதில் பயனில்லை. பிள்ளை, படையாட்சி, நாயக்கன் என்பன பட்டப்பெயர்கள். அவை ஆயிரம் வீடுகளிலிருந்து வந்து ஒரே பெயராகக் குவிந்தவை. உங்களுடையது ஒரு மனிதனின் பெயர். பழனியாண்டிகள் பலர் இங்கே வந்திறங்கியிருப்பார்கள். ஒவ்வொருவர் பெயரும் ஒவ்வொரு எழுத்தர் கையில் ஒவ்வொரு விதமாகச் சிதைந்திருக்கும். பெயர் அரிதாகத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் அந்த எழுத்துக்கூட்டல்தான்.

மீதிப் பாதி மக்கள்தொகையின் கதை. வந்தவர்களில் ஆண்களே மிகுதி. பலருக்குக் குடும்பம் அமையவில்லை. கணிசமானவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார்கள். 1866 முதல் 1868 வரை தீவையே வாட்டிய மலேரியாவில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். இவற்றையெல்லாம் தாண்டியும், ஆண் பிள்ளை வழியாக மட்டுமே செல்லும் ஒரு பெயர் மூன்று நான்கு தலைமுறைகளில் அற்றுப்போவதற்கு வாய்ப்பு அதிகம். இங்கிலாந்தில் கால்ட்டன், வாட்சன் என்ற இருவர் 1874-இலேயே இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று பெண்களைப் பெற்ற வீட்டில் பெயர் நின்றுவிடும், இரத்தம் நிற்காது. பைனியாண்டி வழியில் வந்தவர்கள் இன்று எத்தனையோ வேறு பெயர்களில் இருக்கிறார்கள் என்பது உறுதி.

கேள்வி: எங்கள் பெயர் மர்தேமுத்து. கடைசியில் ஓ, யு போட்டு எழுதுகிறோம். மொரிசியஸில் உள்ள எங்கள் பங்காளிகள் என்று சொல்லப்படுபவர்கள் இரண்டு ஓ போட்டு எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றா? (வாசகர், சேன் பியர், ரியூனியன்)

பதில்: பெயர் ஒன்றுதான் ஐயா, மருதமுத்து. எழுதிய அரசுகள் வேறு. ரியூனியன் பிரெஞ்சுப் பதிவேட்டில் உகரத்துக்கு ஓ, யு. நடுவிலுள்ள எகர ஒலிக்குத் தலையில் கோடு போட்ட ஈ. 1810-இல் பிரித்தானியர் கைக்கு வந்த மொரிசியஸில் உகரத்துக்கு இரண்டு ஓ; அந்த எகர ஒலிக்கு ஏ, ஒய். ஆனால் இங்கே ஆங்கிலேயர் ஆண்டாலும் பேச்சும் பழக்கமும் பிரெஞ்சாகவே தொடர்ந்ததால், 'அன்' என்று முடியும் பெயர்களில் ஈ, என் போடும் பிரெஞ்சு வழக்கம் நிலைத்துவிட்டது. முத்துக்கருப்பன் என்ற ஒரே பெயரின் முன்பாதி ஆங்கிலத்திலும் பின்பாதி பிரெஞ்சிலும் எழுதப்படுவதை இங்கே தினமும் பார்க்கலாம். ரியூனியனில் அதே 'அன்' ஐ, என் ஆகிவிடுகிறது. பிள்ளை என்பது இங்கே பில்லே. உங்கள் பக்கம் அது புல்லே.

பங்காளிகளா என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. மருதமுத்து மிகவும் பரவலான பெயர். உங்கள் தீவில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோவிலில் தாலி கட்டி நடந்த திருமணம் நகராட்சிப் பதிவில் ஏறாதபோது, பிள்ளைகள் தாயின் பெயரிலேயே பதியப்பட்டார்கள். மீனாட்சி, லட்சுமி, வள்ளியம்மை, கருப்பாயி ஆகிய பெண் பெயர்கள் ரியூனியனில் குடும்பப் பெயர்களாக விளங்குவதற்கு அதுவே முதன்மையான காரணம். ஒரே தகப்பனின் பிள்ளைகள் இரு வேறு பெயர்களில் பிரிந்திருக்கவும் கூடும். தகப்பன் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு பங்காளி தேடினால் பாதி உறவு கைநழுவிவிடும்.

கேள்வி: முன்னோரின் ஊரைக் கண்டுபிடிக்க எங்கே போக வேண்டும்? (வாசகர், வாக்குவா)

பதில்: மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்துக்கு. இந்தப் பதிவேடுகள் 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பட்டியலில் இடம்பெற்றன. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கையில் இருக்க வேண்டியது எண். வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் கொடுக்கப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகளின் பழைய பிறப்புப் பத்திரங்களில் பெற்றோர் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் எழுதப்பட்டிருக்கும். வீட்டிலுள்ள மிகப் பழைய பிறப்புப் பத்திரத்தையோ திருமணப் பத்திரத்தையோ முதலில் தேடி எடுங்கள். எண் கிடைத்துவிட்டால் கப்பல், வந்த நாள், வயது, உயரம், உடலிலுள்ள தழும்பு, தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் வரிசையாக வரும். 1860-களின் நடுப்பகுதிக்குப் பின் வந்தவராகவோ, அப்போது தம் குடியேற்றச் சீட்டைப் புதுப்பித்தவராகவோ இருந்தால் ஒரு புகைப்படமும் கிடைக்கக்கூடும்.

நான் பார்த்த ஒரு பதிவில் ஊர்ப் பெயர் ஏழு எழுத்தில் முடிந்திருந்தது. சத்தமாகப் படித்த பிறகுதான் அது திருக்கோவிலூர் என்று புலப்பட்டது. கண்ணால் படித்தால் பிடிபடாது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். சாதிப் பத்தியில் 'மலபார்' என்றிருந்தால் கேரளம் என்று எண்ணிவிட வேண்டாம். அக்காலத்து எழுத்தர்கள் தமிழர்களை அப்படித்தான் குறித்தார்கள். உங்கள் முன்னோர் இந்தப் பதிவேட்டில் எங்குமே இல்லையென்றால், அதற்கும் முந்தியவராக இருக்கலாம். 1735-இல் ஆளுநராக வந்த லபோர்தொனே காலத்திலேயே புதுச்சேரிக் கொத்தர்களும் தச்சர்களும் போர்ட் லூயிஸைக் கட்ட வந்துவிட்டார்கள்.

கேள்வி: மகளின் திருமண அழைப்பிதழைத் தமிழிலும் அச்சிடுகிறோம். பைனியாண்டி என்று போடுவதா, பழனியாண்டி என்று திருத்திப் போடுவதா? கடவுச்சீட்டிலும் மாற்றிவிட வேண்டும் என்கிறான் மகன். (மீண்டும் ரோஸ்ஹில் வாசகி)

பதில்: கடவுச்சீட்டைத் தொடாதீர்கள். சட்டப்படி விண்ணப்பித்துப் பெயரை மாற்ற முடியும் என்றாலும், ஓர் எழுத்தை மாற்றினால் படிப்புச் சான்றிதழ், சொத்துப் பத்திரம், வங்கிக் கணக்கு என எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளை மோக்காவுக்குப் போனால், பிடித்துக்கொண்டு மேலே ஏற ஒரு நூல் குறைந்துவிடும்.

தமிழ் அழைப்பிதழில் 'பைனியாண்டி' வேண்டாம். அது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துத் திரும்பத் தமிழாக்கியது. 'பழனியாண்டி' முறையானது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். என்னைக் கேட்டால், திருமணத்தன்று ஏற்றப்போகும் விளக்கில் உள்ளபடியே 'பயனியாண்டி' என்று போடுவேன். அச்சகத்தார் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள். மெய்ப்பு வந்ததும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.