தக்காளி கோஸே (கோஸே என்பது லேசாக உப்பு சேர்த்த புளிப்பான ஜெர்மன் கோதுமை பீர்) வீட்டில் காய்ச்சினால் ஒன்று உப்புக் கரிக்கிறது, இல்லையென்றால் கெட்சப் வாடை அடிக்கிறது. எங்கே தவறுகிறது?

லைப்சிக் கோஸேயில் உப்பு பின்னணியில்தான் நிற்கும். கோதுமையும் லாக்டிக் புளிப்பும் கொத்தமல்லி விதையும்தான் முன்னால். தக்காளி பிற்காலச் சேர்க்கை. அதில் இயல்பாகவே குளுட்டமேட் என்ற சுவைப்பொருள் உண்டு, கொஞ்சம் உப்பே அது தரும் உமாமி என்ற ருசியைத் தூக்கிக் காட்டிவிடும். ஆகவே உப்பைக் கொதியில் போடாதீர்கள். தக்காளி சேர்த்து நொதிப்பு அடங்கிய பிறகு, ருசித்துப் பார்த்துப் போடுங்கள்.

20 லிட்டருக்கு பில்ஸ்னர் மால்ட் (வெளிர்நிற, முளைகட்டி உலர்த்திய பார்லி) 2 கிலோ, கோதுமை மால்ட் 2 கிலோ. 66 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வெந்நீரில் ஊறினால் அடர்த்தி (நீரை 1 என்று வைத்து) 1.043 பக்கம் வரும். வடித்ததை 10 நிமிடம் கொதிக்கவிட்டு, 36 டிகிரிக்கு ஆற்றி, லாக்டிக் அமிலத்தால் பிஹெச்சை (புளிப்பு கூடக் கூடக் குறையும் அளவு) 4.5க்கு இறக்கிய பிறகே புளிக்கவைக்கும் பாக்டீரியாவான லாக்டோபேசிலஸ் பிளான்டாரம் சேர்க்க வேண்டும். இதைத் தவிர்த்தால் வேண்டாத பாக்டீரியா முந்திக்கொள்ளும். வாந்தி வாடை அப்படித்தான் வருகிறது. கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ இப்போது கூடாது, காற்றும் புகக் கூடாது. ஓரிரு நாளில் பிஹெச் 3.4 தொட்டதும் மறுகொதி. 3.2க்குக் கீழே போகவிட்டால் ஈஸ்ட் திணறும்.

மறுகொதி 15 நிமிடம் போதும். ஹாப்ஸ் இப்போது போடலாம், ஆனால் கசப்பு 8 ஐபியூவைத் (பீரின் கசப்பை அளக்கும் அலகு) தாண்ட வேண்டாம். கசப்பும் உப்பும் ஒத்துப்போகாது. கடைசி 5 நிமிடத்தில் அப்போதே இடித்த கொத்தமல்லி விதை 20 கிராம். விதை சரியில்லை என்றால் எலுமிச்சை மணத்துக்குப் பதில் பதப்படுத்திய இறைச்சி வாடை வரும், முகர்ந்து பார்த்து வாங்குங்கள். புளிப்பில் வேலை செய்ய வேண்டியிருப்பதால் சாதாரண ஏல் ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட் இரண்டு.

முதல் நொதிப்பு முடிந்ததும் தக்காளி விழுது 2 கிலோ. 75 டிகிரியில் 10 நிமிடம் வைத்து ஆற்றிச் சேர்க்கலாம். நெடுநேரம் கொதித்தால் சமைத்த சாஸ் மணம் ஏறிவிடும். டின் லேபிளைப் படியுங்கள். சர்க்கரை, வினிகர், கிராம்பு சேர்த்த சாஸ்தான் கெட்சப் வாடைக்குக் காரணம். விழுதில் 1 சதவீதம் உப்பு இருந்தாலே 20 கிராம் உள்ளே போய்விடுகிறது, அதாவது லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1 கிராம்! தக்காளியின் சர்க்கரை மறுபடி நொதிக்கும் என்பதால், அடர்த்தி மூன்று நாள் மாறாமல் நிற்கும்வரை பாட்டிலில் அடைக்காதீர்கள், வெடிக்கும். பிறகு இரண்டு நாள் கடுங்குளிரில் வைத்தால் சக்கை படியும். மேலே தெளிந்ததை மட்டும் குழாய் வைத்து இறக்குங்கள்.

இனி உப்பு. அயோடின் சேர்க்காத உப்பு 10 கிராமை நீரில் கரைத்து 100 மில்லி ஆக்குங்கள். 100 மில்லி பீரில் இதில் 1 மில்லி விட்டால் லிட்டருக்கு 1 கிராம் கணக்கு. அரை மில்லியாகக் கூட்டி, குளிர்ச்சியாகவே ருசியுங்கள். விழுதின் உப்பையும் சேர்த்து லிட்டருக்கு 2 கிராமுக்குள் நிறுத்துவதே நல்லது. 3ஐத் தாண்டினால் இரண்டாவது கிளாஸை யாரும் கேட்க மாட்டார்கள். முடிவான உப்பையும், கார்பனேஷனுக்கு லிட்டருக்கு 7 கிராம் சர்க்கரையையும் கொஞ்சம் நீரில் ஒன்றாகக் கொதிக்கவைத்து, ஆற்றி, அடைக்கும் நாளில் பீரில் கலந்துவிடலாம்.